புல்தரைக்கு அடியில் ஓர் எண்ணெய்த் தொட்டி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் என்று சில மாநிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்குள்ள பழைய குடியிருப்புத் தெருக்களில் நடந்தால், சில வீடுகளின் சுவரோரம் புல்தரையிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் தலைநீட்டுவதைப் பார்க்கலாம். ஒன்று குட்டை, அதன் வாயில் இறுக்கமான மூடி. இன்னொன்று சற்று உயரம். உச்சியில் மழைநீர் இறங்காதபடி ஒரு தொப்பி. விவரம் தெரியாதவர்கள் தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

அந்தக் குழாய்களுக்குக் கீழே, மண்ணுக்குள், இரும்புத் தகட்டால் செய்த ஒரு பெரிய உருளை படுத்திருக்கிறது. 4 அடி விட்டம், 6 அடி நீளம். 550 கேலன், அதாவது சுமார் 2,080 லிட்டர் கொள்ளும். வீடுகளில் இந்த அளவுத் தொட்டிதான் அதிகம். உள்ளே இருப்பது வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய். நம் ஊர் லாரிகளில் ஊற்றும் டீசலும் இதுவும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டிக்கான டீசலுக்கு வரி உண்டு. வீட்டில் எரிக்கும் எண்ணெய்க்கு அந்த வரி இல்லை. வரி கட்டாத எண்ணெயை யாரும் வண்டியில் ஊற்றி ஏமாற்றக்கூடாது என்பதற்காக வீட்டு எண்ணெயில் சிவப்புச் சாயம் கலந்துவிடுகிறார்கள்.

அந்தப் பகுதியில் குளிர்காலம் என்றால் குழாயில் தண்ணீரே உறைந்துபோகும் குளிர். அதனால் பெரும்பாலான பழைய வீடுகளின் நிலவறையில் ஒரு பாய்லரோ உலையோ இருக்கும். அது சூடாக்கும் தண்ணீர் அல்லது காற்று அறை அறையாகப் போய் வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். 1940இல் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் இதற்கு நிலக்கரிதான் எரித்தார்கள். தினமும் கரியை அள்ளிப் போடவேண்டும், சாம்பலை அள்ளிக் கொட்டவேண்டும், வீடெல்லாம் கரித்தூசி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் லட்சக்கணக்கான குடும்பங்கள் எண்ணெய்க்கு மாறின. எண்ணெய்த் தொட்டியை எங்கே வைப்பது? நிலவறையில் வைத்தால் இடம் போகும், தீப்பிடிக்குமோ என்ற பயமும் இருந்தது. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே புல் வளர்த்துவிட்டார்கள்.

பிறகு பல தெருக்களுக்கு எரிவாயுக் குழாய் வந்தது. வீட்டுக்காரர் எண்ணெயை விட்டு எரிவாயுவுக்கு மாறினார். தொட்டியைத் தோண்டி எடுக்கச் செலவாகும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார், சில வீடுகளில் உள்ளே மீந்த எண்ணெயோடு. வீடு கைமாறியது, மறுபடியும் கைமாறியது. வெளியே தெரிந்த குழாய்களையும் யாரோ அறுத்து எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வீட்டை வாங்க வருபவருக்குத் தோட்டத்தில் ரோஜாச் செடி தெரிகிறது, ஊஞ்சல் தெரிகிறது, தொட்டி தெரியவில்லை. இப்படிப்பட்ட தொட்டிகளைக் கண்டுபிடித்து, அவை கசிகின்றனவா என்று சோதிப்பதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலைக்குள் எவ்வளவு அறிவியல் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த இரண்டு குழாய்களின் வேலையைத் தெரிந்துகொள்வோம். குட்டைக் குழாய் எண்ணெய் ஊற்ற. உயரக் குழாய் காற்று போக. எண்ணெய் உள்ளே இறங்கும்போது தொட்டியில் இருந்த காற்று உயரக் குழாய் வழியே வெளியேறவேண்டும் அல்லவா? போகும் வழியில் ஒரு சின்ன விசில் பொருத்தியிருப்பார்கள். எண்ணெய் லாரிக்காரர் குழாயை மாட்டித் திறந்ததும் விசில் ஊதத் தொடங்கும். விசிலின் கீழே தொங்கும் சிறு குழலின் நுனியை எண்ணெய் தொட்டவுடன் காற்று அந்த வழியே போக முடியாது, விசில் நின்றுவிடும். நின்றால் தொட்டி நிறைந்தது என்று பொருள். லாரிக்காரருக்குத் தொட்டியும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. காதை வைத்தே அளக்கிறார்! எண்ணெயைத் திறந்துவிட்டும் விசில் கேட்காவிட்டால் நல்ல ஓட்டுநர் உடனே நிறுத்திவிடுவார். காரணம் இருக்கிறது. தொட்டியை எடுத்துவிட்டு, ஊற்றும் குழாயை மட்டும் சுவரில் மறந்துவிட்ட வீடுகளில், லாரி வந்து நிலவறைத் தரையிலேயே எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போன விபத்துகள் நடந்திருக்கின்றன.

குழாய் எதுவும் வெளியே தெரியாத வீட்டில் தொட்டியைத் தேடுவதை அங்கே ‘டேங்க் ஸ்வீப்’ என்கிறார்கள். நியூ ஜெர்சியில் நம் தமிழ்க் குடும்பங்களும் நிறைய இருக்கின்றன. பழைய வீடு வாங்கப் போனால் அவர்கள் காதிலும் இந்தச் சொல் விழும். சோதனையாளர் முதலில் எடுப்பது உலோகம் காட்டும் கருவியை. அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள். அதில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். கருவி உடனே ஒலி எழுப்பும். ஆனால் இரும்பு வேலி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, பழைய தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அது இதேபோலத்தான் ஒலி எழுப்பும்.

எனவே அடுத்ததாக, நிலத்தை ஊடுருவும் ரேடார். புல்வெட்டும் வண்டியின் அளவில் ஒரு தள்ளுவண்டி. அது ரேடியோ அலையின் சிறு துடிப்புகளை மண்ணுக்குள் அனுப்பி, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் தொட்டி இருந்தால், போய்வர 2 மீட்டர். மண்ணில் ரேடியோ அலை, காற்றில் போவதைவிட மெதுவாகத்தான் போகும். சாதாரண மண்ணில் இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ 20 நானோ விநாடி ஆகும். ஒரு விநாடியை 100 கோடிப் பங்காக வெட்டி, அதில் 20 பங்கை எடுத்தால் அதுதான் 20 நானோ விநாடி. இவ்வளவு சிறிய நேரத்தையும் அந்த வண்டி அளந்துவிடுகிறது.

திரையில் தொட்டியின் படம் வருமா என்று கேட்பீர்கள். வராது, ஒரு வளைவு வரும். வண்டி தொட்டியை நெருங்கும்போதே சாய்வான பாதையில் எதிரொலி வந்துவிடும். சாய்வுப் பாதை நீளம், நேரம் அதிகம். அதனால் பொருள் ஆழத்தில் இருப்பதாகத் தெரியும். நேர் மேலே வரும்போது பாதை மிகக் குறைவு. தாண்டிப் போனால் மறுபடி நீளம். இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் கவிழ்ந்த வளைவு கிடைக்கும். மேல் வகுப்புக்குப் போனதும் கணிதத்தில் ‘அதிபரவளையம்’ படிப்பீர்கள். இந்த வளைவு அதுவேதான். தோட்டத்தின் குறுக்கே இரண்டு மூன்று கோடுகளில் வண்டியைத் தள்ளி, எல்லாக் கோடுகளிலும் அதே வளைவு தெரிந்தால், நீளமான உருளை ஒன்று கீழே படுத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஈரக் களிமண் மட்டும் இந்தக் கருவிக்கு எதிரி. ரேடியோ அலையை அது விழுங்கிவிடும்.

தொட்டி கிடைத்துவிட்டது. அது கசியுமா, ஏன் கசியும்? துரு. எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். ஆனால் துரு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் இரும்புத் தொட்டி, தன்னையே தின்னும் ஒரு மின்கலம். தொட்டியின் மேல்பக்கம் தளர்ந்த மணல், காற்று நிறைய. கீழ்ப்பக்கம் இறுகிய ஈரமண், காற்று குறைவு. காற்று குறைந்த இடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு ஈரத்தில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகடு வழியே ஓடி, காற்று அதிகமுள்ள இடத்தில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. ஈரமண் இந்தச் சுற்றை முழுமையாக்குகிறது. ஆகவே தொட்டி முழுக்க ஒரே சீராகத் தேய்வதில்லை. சில புள்ளிகள் மட்டும் ஆழமாக அரிக்கப்படும். தகட்டின் பெரும்பகுதி திடமாக இருக்கும்போதே ஓர் இடத்தில் ஊசித்துளை விழுந்துவிடும்.

தொட்டியிலிருந்து பாய்லருக்கு எண்ணெய் கொண்டுபோவது பெரும்பாலும் செம்புக் குழாய். இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் இரும்புக்குத்தான் கேடு. இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளரில் உப்புத் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் வெறும் இரும்பு ஆணி. இன்னொன்றில் பளபளவென்று சுரண்டிய செம்புக் கம்பியைச் சுற்றிய ஆணி. துத்தநாகம் பூசாத ஆணியாகக் கடையில் கேட்டு வாங்குங்கள். சில நாள் பொறுத்து எது அதிகம் துருப்பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

இதையே தலைகீழாக்கி இரும்பைக் காப்பாற்றவும் முடியும். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, பிரிட்டன் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்தில் போர்த்தியிருந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிபடாமல் இருக்க ஒரு வழி சொன்னார். செம்பைவிட எளிதில் கரையும் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டு ஒன்றை அதனோடு இணைத்துவிடுங்கள். அந்தத் துண்டு கரையும், செம்பு தப்பிக்கும் என்றார். அப்படியே நடந்தது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் கப்பலில் சிப்பிகளும் பாசியும் ஒட்டாமல் தடுத்துக்கொண்டிருந்தது. செம்பு கரைவது நின்றதும் அவை மொய்த்துக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அறிவு மட்டும் வீண்போகவில்லை. இன்று நிலத்தடிக் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் மக்னீசியத்தையோ துத்தநாகத்தையோ இணைத்து அதே முறையில் காக்கிறார்கள். பழைய வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உள்ளே இருந்தும் அரிப்பு வரும். காற்றுக் குழாய் வழியே நுழையும் ஈரக் காற்று, குளிர்ந்த சுவரில் பட்டுத் துளிகளாகும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். எனவே துளிகள் எண்ணெயைக் கடந்து அடியில் போய்த் தேங்கும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறி, எண்ணெயைத் தின்று அமிலத்தைக் கக்கும். அடித்தகடு இரண்டு பக்கமும் தாக்குதலுக்கு உள்ளாகிறது.

சரி, எண்ணெய் குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடாதா? முதல் சோதனை கணக்குதான். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து, இந்தத் தடவை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று அம்மா கேட்பார்களே, அதே கணக்கு. ஆனால் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய், நாளைப் பொறுத்துச் செலவாவதில்லை, குளிரைப் பொறுத்துச் செலவாகிறது. அதனால் எண்ணெய் விற்பவர்கள் ‘டிகிரி நாள்’ என்ற அளவை வைத்திருக்கிறார்கள். வெளியே வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காதவரை வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளின் சராசரி வெப்பம் 35 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால், 65இலிருந்து 35ஐக் கழித்து 30 டிகிரி நாள். ஒரு வீடு 5 டிகிரி நாளுக்கு ஒரு கேலன் எரிக்கும் என்று பழைய கணக்கில் தெரிந்தால், அன்றைக்கு 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் செலவு. லாரி எப்போது வரவேண்டும் என்பதைக்கூட இதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். திடீரென்று 4 டிகிரி நாளுக்கே ஒரு கேலன் போக ஆரம்பித்தால் ஏதோ தவறு. பர்னர் பழுதாக இருக்கலாம், ஜன்னல் இடுக்கில் குளிர் புகலாம், தொட்டியும் கசியலாம்.

ஊசித்துளை இந்தக் கணக்கில் சிக்குமா? 10 விநாடிக்கு ஒரு சொட்டு கசிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 8,640 சொட்டு. சொட்டுக்கு 0.03 மி.லி. என்றால் நாளுக்குக் கால் லிட்டருக்குச் சற்று அதிகம். குளிர்நாளில் எரியும் 23 லிட்டரில் அது நூற்றில் ஒரு பங்கு. யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு வருடத்தில் அது சுமார் 95 லிட்டர். பத்து வருடத்தில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அடுத்தது டிப் குச்சி. அளவுக்கோடு போட்ட நீண்ட கோலை ஊற்றுங்குழாய் வழியே அடிவரை இறக்கி, எண்ணெய் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்ப்பது. நம் ஊர் பெட்ரோல் பங்குகளிலும் இப்படிக் குச்சி விட்டு அளப்பார்கள். அங்கே வேலை செய்பவர் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். குச்சியின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவதும் உண்டு. எண்ணெய் பட்டால் அந்தப் பசைக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் பட்டால் நிறம் மாறும். அடியில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பது அந்த நிறத்தின் உயரத்தில் தெரிந்துவிடும். பாய்லரை நிறுத்தி வைத்துவிட்டு, இன்று ஓர் அளவும் நாளை ஓர் அளவும் எடுத்தால் போதாதா?

போதாது. பாதி நிறைந்த தொட்டியில் எண்ணெயின் மேற்பரப்பு 4 அடிக்கு 6 அடி. அவ்வளவு பரந்த பரப்பிலிருந்து கால் லிட்டர் குறைந்தால் மட்டம் இறங்குவது சுமார் 0.11 மி.மீ. உங்கள் தலைமுடி இரண்டை ஒட்டி வைத்த தடிமன்தான் இருக்கும். குச்சியில் அது தெரியாது. இதில் வெப்பம் வேறு குழப்பும். எண்ணெய் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். பாதித் தொட்டி எண்ணெய் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தாலே சுமார் 0.9 லிட்டர் சுருங்கும். அதாவது மூன்று நாளைக்கு மேலான கசிவுக்குச் சமம்! லாரியிலிருந்து வந்த வெதுவெதுப்பான எண்ணெய் குளிர்ந்த மண்ணுக்குள் ஆறும்போது, நல்ல தொட்டியும் கசிவதாகத் தோன்றும். அதனால்தான் மட்டத்தை வைத்துச் சோதிப்பவர்கள் வெப்பமானியையும் கூடவே இறக்கி, சுருக்கத்தைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, காதால் கேட்கும் சோதனை. தொட்டியின் எல்லாத் திறப்புகளையும் அடைத்து, உள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்துக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கிறார்கள். உள்ளே அழுத்தம் குறைகிறது. எங்காவது துளை இருந்தால் வெளியிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். எண்ணெய்க்குள் ஏற்கெனவே ஒரு நுண்ணிய மைக்ரோபோன் தொங்குகிறது. துளை எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்தால் சீறும் ஒலி. கீழே இருந்தால் குமிழிகள் எழும் ஒலி. மண்ணில் நிலத்தடி நீர் நின்றால் குமிழி வராது, தண்ணீர்தான் உள்ளே வரும். அதை அடிமட்டத்தில் வைத்த உணரி காட்டிக்கொடுக்கும். சோதனையாளர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, தெருவில் கார் போகும் சத்தம் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். உள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தைக் கூட்டிச் சோதிப்பதைவிட இது நல்லது. மெலிந்துபோன பழைய தகட்டில் அழுத்தத்தைக் கூட்டினால், சோதனையே எண்ணெயை மண்ணுக்குள் தள்ளிவிடும்.

இவ்வளவு அருமையான சோதனையிலும் ஒரு குறை உண்டு. இன்றைக்கு இந்தத் தொட்டி காற்றுப் புகாமல் இருக்கிறதா என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். துளையைத் துருப்பொருக்கோ களிமண்ணோ அடைத்துக்கொண்டிருந்தால், அன்றைக்குத் தொட்டி தேறிவிடும். பத்து வருடத்துக்கு முன்பே கசிந்து, பிறகு எண்ணெய் ஊற்றாமல் விட்ட தொட்டியைப் பற்றி அது என்ன சொல்லும்? ஆகையால் தொட்டியைக் கேட்பதைவிட, சுற்றியுள்ள மண்ணைக் கேட்பதே மேல் என்பது என் கருத்து. தொட்டி மறைத்தாலும் மண் மறைக்காது.

மண் சோதனைக்குத் தொட்டியின் பக்கங்களில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, திருகு துரப்பணத்தால் துளையிடுகிறார்கள். தொட்டியையே துளைத்துவிடக் கூடாது என்பதால் அதன் எல்லையை முதலில் சரியாகக் குறிப்பது முக்கியம். தொட்டியின் அடிமட்டம் சுமார் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அதற்கும் கீழே உள்ள மண்தான் வேண்டும், ஏனென்றால் கசிந்த எண்ணெய் கீழ்நோக்கித்தான் போகும். மண் மேலே வந்ததும் முதலில் பார்ப்பது நிறம். செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்த மண் திடீரென்று சாம்பல் நிறமானால் சோதனையாளரின் புருவம் உயரும். பிறகு புற ஊதா விளக்கு உள்ள ஒரு கருவியின் மூக்கை மண்ணருகே வைப்பார். எண்ணெய் ஆவியின் மூலக்கூறுகளைப் புற ஊதாக் கதிர் மின்னேற்றம் பெறச் செய்யும். அதனால் உண்டாகும் சிறு மின்னோட்டம் எண்ணாகத் திரையில் வரும். மனித மூக்கை மட்டும் நம்பக்கூடாது. அது சீக்கிரம் பழகிவிடும். வீட்டில் எண்ணெய் நாற்றம் இருந்தும் அங்கேயே வசிப்பவர்கள் உணராமல், விருந்தாளி வந்து சொன்னபின் தெரிந்துகொள்வதும் உண்டு.

குழியில் தண்ணீர் இருந்தால் அதன்மேல் வானவில் நிறம் மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. ஆனால் எல்லா வானவில் படலமும் எண்ணெய் இல்லை. இரும்புச் சத்துள்ள தேங்கிய நீரில் சில பாக்டீரியாக்களும் இப்படி மினுமினுக்கும் படலத்தை உண்டாக்கும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடித் துண்டுகளைப் போல உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். மழைக்குப் பிறகு மெக்கானிக் கடை வாசலில் தேங்கிய நீரையும், செந்நிறக் கசடு படிந்த குட்டையோர நீரையும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கலாம். குச்சியால் மட்டும், கையால் வேண்டாம்.

மண் மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில், பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழலுக்குள் எண்ணெயின் மூலக்கூறுகளை ஓடவிடுகிறார்கள். சிறியவை முதலில் வெளியேறும், பெரியவை தாமதமாக வரும். கார்பன் அணுக்கள் நேர்ச்சங்கிலியாகக் கோத்த மூலக்கூறுகள், தாளில் சீரான இடைவெளியில் கூர்முனைகளாகத் தெரியும். எண்ணெய் மண்ணில் பல காலம் கிடந்தால் இந்தக் கூர்முனைகள் சிறுத்துப்போகும். மண் பாக்டீரியாக்களுக்கு நேர்ச்சங்கிலிகள்தான் எளிய உணவு, அவற்றை முதலில் தின்றுவிடும். பிரிஸ்டேன், ஃபைட்டேன் என்ற கிளை விட்ட மூலக்கூறுகள் மட்டும் சீக்கிரம் அழியாமல் நிற்கும். கசிவு புதியதா பழையதா என்று இதிலிருந்து ஓரளவு ஊகிக்க முடிகிறது. அந்த இரண்டு மூலக்கூறுகளும் எங்கிருந்து வந்தவை தெரியுமா? பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த பாசிகளின் பச்சையத்திலிருந்து. பச்சைய மூலக்கூறுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. அந்த வால்தான் புதைந்து, வெந்து, இப்படி மாறிப் பெட்ரோலியத்தில் தங்கியிருக்கிறது. நியூ ஜெர்சித் தோட்டத்து மண்ணில் அதைக் கண்டுபிடிக்கிறார் ஒருவர் என்று நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

தொட்டி கசிந்தால் என்ன, மண்தானே என்று விட்டுவிட முடியாது. எண்ணெய் மெல்ல இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். நாஃப்தலீன் போன்ற சில பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரையும். அந்த மாநிலங்களில் சொந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள் நிறைய. எண்ணெய் கலந்த கிணறு எவ்வளவு துன்பம் தரும் என்பது நமக்கும் தெரியாததில்லை. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, பல குடும்பங்கள் தங்கள் கிணற்று நீரையே குடிக்க முடியாமல் தவித்தன. அங்கே காரணம் வீட்டுத் தொட்டி இல்லை, மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இழப்பீடு கட்டும்படி தீர்ப்பு சொன்னது. யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியே எண்ணெய் எளிதாகப் போய்விடும். வற்றாத ஆறு இல்லாத அந்த ஊருக்குக் கிணற்று நீரே உயிர்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1984இல் நிலத்தடித் தொட்டிகளுக்காகச் சட்டம் செய்தது. 1988இல் விரிவான விதிகள் வந்தன. பெட்ரோல் பங்குகள் கசிவைக் கண்டறியும் ஏற்பாடு வைக்கவேண்டும் என்று ஆனது. ஆனால் ஒரு வீட்டில் எரிப்பதற்காக அந்த வீட்டிலேயே வைத்திருக்கும் எண்ணெய்த் தொட்டியை அந்தச் சட்டம் தொடவில்லை. மாநிலங்கள் தங்களுக்குத் தோன்றியபடி விதி செய்துகொண்டன. பல வீடுகளில் வீட்டை விற்கும் நாள்வரை ஒருவரும் தொட்டியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. கசிவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சில வண்டி மண்ணோடு முடிகிற வேலை, தாமதித்தால் பக்கத்து வீட்டுக் கிணறுவரை போய்விடுகிறது.

கடைசியில் தொட்டியை வெளியே எடுக்கும் நாள். மேல்மண்ணை விலக்கி, மேல்தகட்டை வெட்டித் திறந்து, மீந்த எண்ணெயையும் அடிக்கசடையும் உறிஞ்சி எடுத்துத் துடைத்தபின், இயந்திரம் அதைத் தூக்கி வெளியே வைக்கிறது. சோதனையாளர் சுரண்டுகோலோடு உட்கார்ந்து, ஒட்டியிருக்கும் மண்ணையும் துருவையும் பெயர்த்தெடுத்துத் தகட்டை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். துருப்பொருக்கு விழும்போதுதான் பல துளைகள் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வரும். அவர் தவறாமல் பார்க்கும் ஓர் இடம், ஊற்றுங்குழாய்க்கு நேர் கீழே உள்ள அடித்தகடு. பல ஆண்டுகளாக டிப் குச்சி வந்து ‘டொக்’ என்று இடித்த இடம் அது. ஒவ்வோர் இடியிலும் அங்கே படிந்த துரு உதிர்ந்து, புது இரும்பு வெளிப்பட்டு, அதுவும் துருப்பிடிக்கும். எண்ணெயை அளப்பதற்காக இறக்கிய குச்சியே துளைக்கு வழி செய்திருக்கும். இதனால் நல்ல தொட்டிகளில் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு தகட்டைப் பற்றவைக்கிறார்கள்.

குழியின் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் மறுபடி மண் எடுத்துச் சோதித்து, கெட்ட மண் முழுவதும் போனபின் புதுமண் நிரப்புகிறார்கள். எண்ணெயையே தொடர்ந்து எரிக்க விரும்பும் குடும்பங்கள் இப்போது பெரும்பாலும் நிலவறையிலேயே தொட்டி வைக்கின்றன. அதற்கு நான்கு கால்கள் உண்டு, அடியில் குனிந்து பார்க்க இடம் உண்டு. வெள்ளை அட்டை ஒன்றைக் கீழே விரித்து வைத்தால், ஒரு சொட்டு விழுந்தாலும் சாயத்தின் சிவப்பு அதில் தெரிந்துவிடும்.